சிங்கப்பூரில் எந்தக் கார்டு? நாள்வாரிக் குறிப்புகள்

வியாழன் மாலை

சாங்கி விமான நிலையத்தில் இமிகிரேஷன் முடிந்து, பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்து, ரயில் நிலையக் கவுண்டர் முன்னால் நின்றபடி எங்கள் குடும்பத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு: பாஸா, கார்டா? பாஸ் கட்சியில் என் கணவர். கார்டு கட்சியில் எங்களை அழைத்துப்போக வந்திருந்த என் சித்தி மகன், இங்கே பல வருடமாக வேலை பார்க்கிறவன். நடுவராக அத்தை, அதாவது என் மாமியார். அவருக்கு ஒரே கேள்விதான்: "எதுல காசு எவ்வளவு போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும்?"

டூரிஸ்ட் பாஸ் என்பது நாள் கணக்கில் விற்கிறார்கள். ஒரு நாளுக்கு 17 டாலர், இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29. அந்த நாட்களில் ரயிலிலும் சாதாரண பஸ்ஸிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நாள் என்றால் 24 மணி நேரம் இல்லை, காலண்டர் நாள். அன்றைய ஓட்டம் முடிந்தால் அன்றைய நாளும் முடிந்தது. நாங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் நிற்கிறோம். இப்போது பயன்படுத்த ஆரம்பித்தால் ஒரே ஒரு ரயில் பயணத்துக்கு ஒரு முழு நாளைத் தாரை வார்க்க வேண்டும். ஆகவே "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பாஸ் கட்சி தற்காலிகமாகப் பின்வாங்கியது.

தம்பி சொன்னது இன்னும் கறார். "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ரயில் ஏறுவீங்கன்னு எண்ணிப் பாருங்க. எத்தனை நாள் இருக்கீங்கன்னு எண்ணாதீங்க."

அவன் கணக்கு இதுதான். இங்கே கட்டணம் தூரத்தை வைத்து. கொஞ்ச தூரம் என்றால் ஒரு டாலரும் சில்லறையும், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும் இரண்டரை டாலர் பக்கம்தான். மூன்று நாள் பாஸை நாளுக்குப் பிரித்தால் 9 டாலர் 67 காசு வருகிறது. அந்தக் காசுக்குச் சாதாரணமாக ஐந்தாறு தனித்தனிப் பயணம் போகலாம். வயதானவரையும் ஐந்து வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு ஐந்தாறு இடம் யார் போகப்போகிறார்கள்?

கடைசியில் ஆளுக்கொரு வழி என்று முடிவானது. இங்கே ரயில் கேட்டிலும் பஸ்ஸிலும் வங்கிக் கார்டையே தட்டிப் போகலாம், ஆகவே கணவருக்குப் போனில் ஏற்றி வைத்திருக்கும் வங்கிக் கார்டு. எனக்கு என் வங்கிக் கார்டேதான், பிளாஸ்டிக். அத்தைக்குத் தம்பி வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய ஈசி-லிங்க் கார்டை, அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வைத்துத் தட்டும் பயணக் கார்டை, கொண்டுவந்திருந்தான், அதில் கொஞ்சம் பணமும் இருந்தது. புதிதாக வாங்கினால் 10 டாலர், அதில் 5 டாலர் கார்டின் விலை, மீதி 5 டாலர்தான் பயணத்துக்கு. கார்டின் விலை திரும்ப வராது.

பையன் விஷயம் தனி. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு எதுவும் வேண்டாம், பெரியவர்களோடு சும்மா போகலாம். அந்த உயரத்தைத் தாண்டி, ஏழு வயது ஆகாத குழந்தைக்கும் இலவசம்தான், ஆனால் அதற்கென்று ஒரு சலுகை அட்டை வேண்டும். கவுண்டரில் அவன் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கினோம். ஏழு வயது முடிந்துவிட்டால் சுற்றுலா வரும் பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம்தான், பள்ளிச் சலுகை எல்லாம் இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு. எட்டு, பத்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பட்ஜெட் மாறும்.

தங்கியிருப்பது ஃபேரர் பார்க் பக்கம். சாங்கியில் ஏறி எக்ஸ்போவில் இறங்கி நீல நிறப் பாதைக்கு மாறினோம், நேராக லிட்டில் இந்தியா, அங்கிருந்து ஊதா நிறப் பாதையில் ஒரே ஸ்டேஷன். இரண்டு முறை மாறினாலும் ஒரே பயணமாகத்தான் கணக்கு. வெளியே வரும்போது அத்தையின் கார்டுக்கு மட்டும் கேட்டில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று எண் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை, கதவு திறந்தது, அவ்வளவுதான். "உங்களுக்கெல்லாம் ஓசியா?" என்று கேட்டார் அத்தை.

வெள்ளி

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே தம்பியிடம் இந்த எண் விஷயத்தைக் கேட்டேன். இங்கே அது பெரிய ஊர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

பழைய ஈசி-லிங்க் கார்டில் பணம் கார்டுக்குள்ளேயே பதிவாகி இருக்கும். கேட் அதைப் படித்து, கழித்து, மிச்சத்தைக் காட்டிவிடும். சிம்ப்ளிகோ என்கிற புதிய முறையில் கணக்கு கார்டில் இல்லை, வேறு எங்கோ சர்வரில் இருக்கிறது. கார்டைத் தட்டினால் "இன்னார் இங்கே ஏறினார், இங்கே இறங்கினார்" என்று மட்டும் தகவல் போகும், கட்டணம் பிறகு கணக்காகும். அதனால் கேட்டில் காட்டத் தொகை இல்லை, ஆப்பில்தான் பார்க்க வேண்டும். பழைய கார்டுகளை முழுவதும் நிறுத்திவிட்டு எல்லோரையும் புதிய முறைக்கு மாற்றப் போகிறோம் என்று 2024 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். மக்கள் விடவில்லை. எங்கள் காசு எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிய வேண்டும் என்று ஒரே எதிர்ப்பு. அதே மாதம் 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது, பழைய முறையும் தொடரும், அதற்காக 4 கோடி டாலர் கூடுதலாகச் செலவழிப்போம் என்று அமைச்சரே சொல்லிவிட்டார்.

அத்தை கேட்ட அதே கேள்வி! ஒரு நாட்டையே அசைத்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது அவருக்கு அப்படியொன்றும் ஆச்சரியம் இல்லை. "பின்னே? கண்டக்டர் டிக்கெட் கிழிக்காம காசு வாங்கினா நம்ம ஊர்ல விடுவாங்களா?"

இன்று கார்டன்ஸ் பை தி பே. ஃபேரர் பார்க்கில் ஏறி அவுட்ரம் பார்க்கில் பழுப்பு நிறப் பாதைக்கு மாறினால் தோட்டத்தின் பெயரிலேயே ஸ்டேஷன். ரயிலில் பையன் பசிக்கிறது என்றதும் அத்தை பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்துத் திறந்தே விட்டார். நான் மூடினேன். ரயிலுக்குள் சாப்பிடுவதும் குடிப்பதும் கூடாது, 500 டாலர் வரை அபராதம் என்று பலகை எதிரிலேயே ஒட்டியிருந்தது. 500 டாலர் என்றால் நம் காசில் முப்பதாயிரத்துக்கு மேல். டப்பா அன்று முழுவதும் பையை விட்டு வெளியே வரவில்லை.

மதியத்துக்கு மேல் பஸ். சென்னை பஸ் பழக்கத்தில் இருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே பஸ்ஸில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். முன் கதவில் ஏறி, பின் கதவில் இறங்கும்போது அங்கே கம்பத்தில் இருக்கும் கருவியில் மறுபடி ஒரு தட்டு. மறந்தால் அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை நீங்கள் போனதாகக் கணக்கு. எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு வெளிநாட்டுப் பையன் தட்டாமல் குதித்துவிட்டான், பின்னால் இருந்த ஒரு பாட்டி "ஹே ஹே" என்று சத்தம் போட்டு அவனைத் திரும்ப ஏற்றித் தட்ட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். பஸ் நிறுத்தத்தில் கையை நீட்டினால்தான் வண்டி நிற்கும், அதுவும் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்தும் ஏறலாம், ஆனால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள், கட்டணமும் கார்டைவிட அதிகம்.

பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து இன்னொரு பஸ் என்று மாறும்போது 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறிவிட்டால் ஒரே பயணம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம், அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் மட்டும் சேராது. பாஸ் ஏன் பெரும்பாலும் நஷ்டம் என்பதற்குப் பதிலே இங்கேதான் இருக்கிறது. "இன்றைக்கு எட்டு தடவை ஏறி இறங்கினோமே, பாஸ் இருந்தால் லாபம்" என்று கணவர் கணக்குப் போட்டார். ஏறி இறங்கியது அத்தனை முறை உண்மைதான், ஆனால் கட்டணம் விழுந்தது அதில் பாதிக்கும் குறைவான பயணத்துக்கு. அத்தையின் கார்டில் காலையிலிருந்து போனது ஆறு டாலர்கூட இல்லை. எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேட்டிலும் அவர் வாய்விட்டுப் படித்து எனக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

இரவு முஸ்தஃபா என்கிற பெரிய கடை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கார்டு பற்றிய கட்டுரை காணாமல் போய்விடும்.

சனி

இன்று மண்டாயில் இருக்கும் மிருகக்காட்சி சாலை. ஊரின் வடக்குப் பக்கம், ரயில் நேராகப் போகாது. லிட்டில் இந்தியாவில் ஏறி ஸ்டீவன்ஸில் மாறி ஸ்பிரிங்லீஃபில் இறங்கி, அங்கே 138 பஸ் பிடித்தால் வாசலில் விடும்.

கிளம்பும்போதே ஒரு தடங்கல். அத்தை கார்டைத் தட்டினார், கேட் திறக்கவில்லை, சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினார், மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "இரண்டு டாலருக்கு மேல இருக்கே, நான் நேத்தே பார்த்தேனே!" என்று அவர் வாதாட, கேட் அதைக் கேட்டால்தானே. அங்கிருந்த ஊழியர் அம்மா வந்து, எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே சொன்னார் (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்): "உள்ள போக மூணு வெள்ளி இருக்கணும்மா. அந்தப் பக்கம் மெஷின் இருக்கு, போட்டுட்டு வாங்க."

போகிற இடத்துக்கு இரண்டு டாலர் போதும் என்றாலும், ரயில் கேட்டுக்குள் நுழைய கார்டில் குறைந்தது 3 டாலர் இருக்க வேண்டும். தூரம் முன்கூட்டியே தெரியாதே, எங்கே இறங்கினாலும் கழிக்க அதில் பணம் இருக்க வேண்டும், நியாயம்தான். மெஷினில் கார்டை அதற்கான இடத்தில் வைத்ததும் மிச்சம் திரையில் வந்தது. பத்து டாலர் நோட்டை நீட்டினோம், முனை மடங்கியிருந்ததால் துப்பிவிட்டது. அத்தை அந்த நோட்டை முந்தானையில் வைத்து நீவி, நேராக்கி, மறுபடி நுழைத்தார். இழுத்துக்கொண்டது. புதுத் தொகை வந்ததும் அவர் முகத்தில் வந்த திருப்தி இருக்கிறதே, எங்கள் வங்கி ஆப்பில் எந்தக் காலத்திலும் வராது. ஒன்று, மெஷின் மீதி தராது என்பதால் சின்ன நோட்டாக வைத்துக்கொள்வது நல்லது.

வங்கிக் கார்டில் இந்தத் தொல்லையே கிடையாது, பணம் போட வேண்டாம், குறைந்தபட்ச மிச்சம் வேண்டாம். அதற்கு வேறு விலை இருக்கிறது. சிங்கப்பூருக்கு வெளியே வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம். ஒரு நாளில் ஒரு தடவை தட்டினாலும் 60 காசு, பத்து தடவை தட்டினாலும் 60 காசு. அதற்கு மேல் நம் ஊர் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை போட்டு, அதன் தலையில் ஜிஎஸ்டியும் வைக்கும். எல்லாம் சேர்த்தும் தொகை பெரிதில்லை. வந்த முதல் நாளே கவுண்டரைத் தேடி அலைய வேண்டாம் என்ற சௌகரியத்துக்குக் கொடுக்கும் காசு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நாலு பேர் குடும்பம் பத்து நாள் தங்குகிறது, நாலு பேருக்கும் வங்கிக் கார்டு என்றால் 60 காசு தினமும் நாலு பேருக்கும் கூடிக்கொண்டே போகும், அங்கே ஈசி-லிங்க் வாங்குவதே மேல்.

கிளம்பும் முன்பே ஊரில் செய்துவிட வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிப் பணம் செலுத்தும் வசதியும் நாமாகத் திறந்து விட்டால்தான் வேலை செய்யும், 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. வங்கி ஆப்பில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை விட்டுவிட்டு வந்து சிங்கப்பூர் கேட்டில் நின்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுவது பெரிய கொடுமை, ஓட்டலில் பக்கத்து அறைத் தம்பதி அதைத்தான் காலைச் சாப்பாட்டின்போது முழுக்கப் புலம்பினார்கள்.

மிருகக்காட்சி சாலை நன்றாக இருந்தது. ஒராங்குட்டான் தலைக்கு மேலே கயிற்றில் போகிறது. பையன் திரும்பி வர மறுத்தான்.

ஞாயிறு

செந்தோசா. ஃபேரர் பார்க்கிலிருந்து ஹார்பர்ஃப்ரண்ட் வரை ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. அதன் பிறகுதான் கேள்வி. தீவுக்குள் போகிற செந்தோசா எக்ஸ்பிரஸ் ஊர் ரயிலோடு சேர்ந்தது இல்லை, தனிக் கட்டணம், 4 டாலர். திரும்பி வர இலவசம், உள்ளே ஓடும் பஸ்ஸும் இலவசம். டூரிஸ்ட் பாஸ் வைத்திருந்தாலும் இந்த நாலு டாலர் தனி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் பாஸைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "அன்லிமிடெட்னு சொன்னாங்களே" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கேபிள் காரும் அப்படித்தான், தனி.

தம்பி சொல்லிக் கொடுத்தது வேறு வழி: 123 பஸ். சாதாரண ஊர் பஸ், சாதாரண கட்டணம், தீவுக்குள்ளேயே கொண்டு விடும், நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயிலிலிருந்து இறங்கிய சூட்டோடு ஏறியதால் பயணமும் தொடர்ச்சியாகச் சேர்ந்துகொண்டது, சில காசுதான் கூடுதலாகப் போனது என்று அத்தை கார்டைப் பார்த்து அறிவித்தார். நடக்கத் தெம்பு இருந்தால் மரப்பாலம் வழியாக நடந்தும் போகலாம், அதுவும் இலவசம். வெயிலில் எங்களுக்குத் தெம்பில்லை.

கணவர் போனை வைத்துத் தட்டுகிறவர். மதியம் போனில் சார்ஜ் கடைசிக்கு வந்துவிட்டது, இறங்கும்போது பர்ஸிலிருந்து அதே கார்டின் பிளாஸ்டிக்கை எடுத்தார். தடுத்தேன். போனில் ஏற்றிய கார்டும் கையில் இருக்கும் கார்டும் நமக்கு ஒன்று, கேட்டுக்கு இரண்டு. ஏறியது ஒன்றில், இறங்கியது மற்றதில் என்றால் இரண்டு அரைகுறைப் பயணமாகி இரண்டுக்கும் கூடுதலாகப் பிடிப்பார்கள். எதில் ஏறினோமோ அதிலேயே இறங்க வேண்டும். அதேபோல ஒரு கார்டை வைத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டுப் பின்னால் வருகிறவரிடம் கொடுப்பதும் நடக்காது, ஆளுக்கு ஒரு கார்டு. பர்ஸோடு சேர்த்து வைத்தாலும் உள்ளே இருக்கும் இன்னொரு கார்டில் காசு போய்விடலாம், தனியாக எடுத்துத் தட்டுவது உத்தமம். போன் எப்படியோ நாலு சதவீத சார்ஜில் கேட்டைத் திறந்து கொடுத்தது. நாளையிலிருந்து பிளாஸ்டிக்தான் என்று அறிவித்துவிட்டார்.

திங்கள்

விமானம் மத்தியானம்தான், ஆனால் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். வேலை நாளில் காலை 7.45க்கு முன்னால் ரயில் கேட்டில் தட்டி நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி. கூட்டம் ஒரே நேரத்தில் குவியாமல் இருக்கச் செய்திருக்கும் ஏற்பாடு. ஐம்பது காசுக்காகப் பெட்டியோடு ஆறு மணிக்கு எழுந்தீர்களா என்று கேட்கலாம். ஐம்பது காசுக்காக இல்லை, எட்டு மணி ரயிலில் பெரிய பெட்டிகளோடு ஏற முடியாது என்பதற்காக. தள்ளுபடி சும்மா வந்தது. ஆனால் அத்தையைப் பொறுத்தவரை காரணம் ஐம்பது காசுதான், அதை மாற்றிச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ரயிலில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்து மொத்தக் கணக்கையும் பார்த்தேன். வங்கியில் ஒவ்வொரு பயணமாகக் கழியவில்லை, பலவற்றைச் சேர்த்து மொத்தமாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆகவே எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து எந்தப் பயணம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. ஆப்பில் ஒவ்வொன்றும் தனியாக இருக்கிறது. எந்த நாளும் எங்களில் ஒருவருக்கு எட்டு டாலரைத் தொடவில்லை, அந்த 60 காசைச் சேர்த்தும். கணவர் அதைப் பார்த்துவிட்டு "பாஸ் வாங்கியிருந்தா இன்னும் நிறைய இடம் பார்த்திருப்போம்" என்றார். தோற்ற கட்சியின் அறிக்கை என்று விட்டுவிட்டேன். ஆனால் அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. தனியாக வரும் இளவட்டங்கள், காலை ஒரு கோடி, மதியம் ஒரு கோடி, இரவு ஒரு கோடி என்று திரிகிறவர்கள், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று மணி நேரம் நின்று வருவதால் ஒவ்வொன்றும் தனிப் பயணமாக விழும், அவர்களுக்கு மூன்று நாள் பாஸ் கட்டுப்படியாகலாம். அதுவும் காலையில் வாங்கினால். ஒரு நாள் பாஸ் 17 டாலருக்கு யாருக்கு லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, ஒரே நாளில் அவ்வளவு தூரம் போய்வர ரயிலிலேயே குடியிருக்க வேண்டும்.

சாங்கியில் ஈசி-லிங்கில் மிச்சம் இருந்த பணத்தைக் கவுண்டரில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அத்தையின் கார்டு தம்பியுடையது, அவனிடம் கொடுக்க வேண்டும். வழியனுப்ப வந்தவனிடம் நீட்டினார். "நாலு வெள்ளி இருவது காசு இருக்கு, பார்த்துக்க." அவன் "நீங்களே வச்சுக்கங்க பெரியம்மா, அடுத்த தடவை வரும்போது ஆகும்" என்றான். இருவரும் அதை மாற்றி மாற்றித் திணித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த மாதம் என் ஓரகத்தி குடும்பம் வருகிறதே என்று நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு எப்படியும் ஒரு கார்டு வேண்டும்.